எரிந்தால்தான் சிவப்பு

என் தம்பி சொன்ன ஒரு பேச்சை நான் தாளில் எழுதி வைத்திருந்தேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எழுதும்போது நானும் சிரித்தேன். அதற்குள் அவனுடைய நோய் இருந்தது என்று எனக்குப் புரிய கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது.

எழுதுகிற பழக்கம் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் எனக்கு பைண்டிங் வேலை. தினசரிக் காலண்டரின் தேதித் தாள்களை வரிசை பார்த்து அடுக்கி, கட்டாக்கி, அட்டையில் பொருத்த வேண்டும். ஆடிப்பெருக்குக்குப் புது வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியே வந்துவிட்டால் தை பிறக்கும் வரை தலை நிமிர நேரமிருக்காது. அச்சு மங்கிய தாள், கோணலாக வெட்டுப்பட்ட தாள் எல்லாம் கழிவு. அதில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள விடுவார்கள். ஒரு பக்கம் தேதியும் ராகு காலமும் இருக்கும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். அந்த வெற்றுப் பக்கத்தில்தான் நான் மனிதர்கள் பேச்சை எழுதுவேன். கதையும் இல்லை, கவிதையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தாள் அடுக்குகிற பெண் வாயிலிருந்து விழுகிற ஒரு வரி, பஸ்ஸில் கண்டக்டர் எரிந்து விழுகிற ஒரு வரி, அவ்வளவுதான். ஒருமுறை ஒருத்தி தன் மாமியாரைப் பற்றி, “எங்கத்தைக்கு அழுதா கண்ணீர் வராது மதினி, ஆர்டர்தான் வரும்” என்றாள். அதை எழுதாமல் விட முடியுமா?

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மீதியைக் கழிவுத் தாளில் படித்தேன். எங்கள் கம்பெனியில் பள்ளிக்கூடப் புத்தகமும் அச்சாகும். அறிவியல் புத்தகத்தில் முப்பத்து மூன்றாம் பக்கம் தொடங்கி நாற்பதாம் பக்கம் வரை மட்டும் கிடைக்கும், முன்னும் இருக்காது, பின்னும் இருக்காது. அப்படி ஒரு தாளில்தான் பாக்டீரியா என்ற சொல்லை முதலில் பார்த்தேன். பாலைத் தயிராக்குவது அதுதான், நம் குடலிலும் அது வாழ்கிறது என்று போட்டிருந்தது. கெடுதல் செய்கிற பாக்டீரியா பற்றி அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும் போல. அந்தப் பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். மல்லாங்கிணறு தாண்டி எங்கள் சொந்த ஊரில் அவனும் அவன் மனைவியும் இருந்தார்கள். மழையை நம்பின கொஞ்சம் நிலம், நாலு ஆடு. அதை அவள் பார்த்துக்கொண்டாள். அவன் விடியும் முன்னே வந்து நிற்கும் வேனில் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போவான். முதலில் பல வருடம் அலுமினியத் தூள் புழங்குகிற இடத்தில் வேலை. அந்த வருடங்களில் அவன் துப்பினால் எச்சில் வெள்ளியாக இருக்கும். நகக்கண்ணும் அப்படி, காதுமடலும் அப்படி. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் மறுநாள் துண்டில் மினுங்கும். அப்புறம் மணிமருந்து செய்யும் பக்கம் மாற்றினார்கள். வானத்தில் போய் வெடித்து நிறம் கொட்டுகிறதே, அந்த நிறம் சின்னச் சின்ன உருண்டையாகத்தான் உள்ளே இருக்கும். அதற்குப் பேர் மணிமருந்து. அவன் இருந்தது சிவப்பு செய்கிற அறை.

அந்த வேலைக்குப் போன ஒரு வருடத்தில், மார்கழி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான்:

“சில்வர் ரூம்ல இருந்தப்ப துப்புனா வெள்ளி. இப்ப சேப்பு ரூமு, வெளிக்கு இருந்தாலும் சேப்பாத்தான் போகுது. நம்ம கம்பெனி மருந்து எங்கன போனாலும் கலரை விட மாட்டேங்குதுக்கா.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “சோத்துக் கையோட பேசுற பேச்சாலே இது?” என்று திட்டிக்கொண்டே, கூரை எரவாணத்தில் செருகியிருந்த தாளில் ஒன்றை உருவி எழுதினேன். மறுநாள் பைண்டிங்கில் வாசித்துக் காட்டினேன். அங்கேயும் ஒரே சிரிப்பு. ஒருத்தர்கூட, நான் உட்பட, அது எப்படிச் சிவப்பாகப் போகும் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றாது. எங்கள் பக்கத்தில் வேலை உடம்பில் ஒட்டிக்கொள்வது வழக்கம்தானே. அச்சு மிஷின்காரர் விரல் நீலம், தீப்பெட்டி வேலைக்காரர் சட்டையில் கந்தக வாடை. சிவப்பு ரூம்காரனுக்குச் சிவப்பு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. வயிற்றில் போன மருந்தை வெளியேற்றும் என்று பட்டாசுக்காரர்கள் வேலை முடிந்து வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிடுவார்கள். அவனும் சாப்பிட்டான். பழத்தின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டான் என்று அவன் மனைவி பின்னால் சொன்னாள்.

ஆடி முடிந்ததும் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. காலையில் ஒன்றும் இருக்காது, சாயங்காலம் உடம்பு காந்தும், இரவு சட்டை நனைய வேர்க்கும். விருதுநகரில் ஒரு டாக்டர் ஊசி போட்டார். நாலு நாள் நின்றது, திரும்ப வந்தது. மறுபடி ஊசி, மறுபடி நாலு நாள். “கம்பெனி வேன் மாதிரிக்கா. நாலு மணிக்கு கரெக்டா வந்து நிக்குது, நான் ஏறாமப் போனாலும் ஆரன் அடிக்குது” என்றான். அதையும் எழுதினேன். ஆனால் அந்த முறை சிரிக்கவில்லை. இடுப்பில் வேட்டி நிற்காமல் அவன் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்ததைப் பார்த்துவிட்டேன்.

சின்ன வயதில் அவனுக்கு முட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்திருந்தது. இருதயத்தில் ஒரு வால்வு லேசாகப் பழுது என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். நாங்கள் மறந்துவிட்டோம். விருதுநகர் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டவர், “இனி இங்க வச்சுப் பாக்கக் கூடாது, மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். எக்கோ எடுத்தார்கள். பழுதான வால்வின் மேல் கிருமி கூடு கட்டியிருக்கிறது என்றார்கள். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். அதற்காக ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டுமாம். ஒரே நாளில் மூன்று தடவை, வேறு வேறு இடத்தில் குத்தி எடுத்தார்கள். ரத்தத்தை பாட்டிலில் விட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துக் காத்திருப்பார்களாம். கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. உறை ஊற்றி வைக்கிற வேலைதான். காலையில் போய் மூடியைத் திறந்து, உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியது. ஆனால் இது ஒரே ராத்திரியில் உறையாது. ஏற்கனவே போட்ட ஊசிகளால் கிருமி சோர்ந்து கிடக்கும், முளைக்க நாளாகலாம் என்று நர்ஸ் சொன்னார்.

மூன்றாம் நாள் வளர்ந்தது. எங்களைப் பார்த்துக்கொண்ட டாக்டர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். நின்று பேச மாட்டார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் பேசுவார். அன்றைக்கும் உட்கார்ந்தார்.

“கிருமி எதுன்னு தெரிஞ்சிருச்சு. நல்ல மருந்து இருக்கு. நாலு வாரம் நரம்பு வழியா போடணும், காய்ச்சல் போயிரும். ஆனா ஒரு விசயம் கேக்கணும். இந்தக் கிருமியோட சொந்த வீடு இருதயம் இல்ல, குடல். அங்க இருக்கிறவரைக்கும் தொந்தரவு இல்லாம இருக்கும். அது ரத்தத்துக்கு வந்திருக்குன்னா, குடல்ல எங்கயோ ஒரு இடம் சரியில்லாம இருக்கலாம். புண்ணு, இல்லன்னா கட்டி. எல்லாருக்கும் இருக்கும்னு சொல்லல. ஆனா இந்தக் கிருமியைப் பாத்தா குடலையும் பாக்காம விடக்கூடாதுன்னு எங்களுக்குப் பாடம்.” அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “வெளிக்குப் போறப்ப ரத்தம் போயிருக்கா?”

“இல்ல டாக்டர்.”

“எப்பவாவது? கொஞ்சமா?”

“இல்லவே இல்ல.”

எனக்கு அந்த நிமிடம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன் சொன்னதற்குத் தலையை வேறு ஆட்டினேன்.

மருந்து ஏறத் தொடங்கி ஒரு வாரத்தில் காய்ச்சல் நின்றது. சாயங்காலம் நாலு மணி வந்து போனது, உடம்பு காந்தவில்லை. தம்பிக்குத் தைரியம் வந்துவிட்டது. தீபாவளிக்கு இன்னும் சில வாரம்தான், சீசன் உச்சத்தில் இருந்தது. போர்மேன் ஊரில் அவன் பக்கத்து வீட்டு செல்போனுக்கு இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். நாலு வாரம் முடிந்த மறுநாளே வேனில் ஏறிவிட வேண்டும் என்பது அவன் திட்டம். குடலுக்குள் டியூப் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு மட்டும் பிடி கொடுக்கவில்லை.

“நெஞ்சுல காய்ச்சல்னு சேத்தீக. நெஞ்சு சரியாப் போச்சு. இப்ப எதுக்குப் பின்னாடி வந்து பாக்கணும்ங்கீக?” என்று நர்ஸிடம் கேட்டான். அவர் சின்னப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார்.

நானும் அவன் மனைவியும் முறை வைத்து அவனோடு இருந்தோம். அவள் வந்த அன்றைக்கு நான் மாற்றுத்துணி எடுக்க சிவகாசிக்கு வந்தேன். பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும்போது பக்கத்து சீட்டில் இருந்த ஆள் ஜன்னல் வழியே துப்பினார். வெற்றிலைச் சிவப்பு, காற்றில் சிதறி ஜன்னல் கம்பியில் பட்டது. எனக்கு அப்போதுதான் தம்பியின் பேச்சு முழுசாக, அவன் குரலோடு, கை கழுவின சத்தத்தோடு காதில் விழுந்தது. அதன் பிறகு வீடு வந்து சேரும் வரை உட்கார்ந்த இடத்தில் நெளிந்துகொண்டே வந்தேன்.

தாள்களை நான் வருடவாரியாகக் கட்டி ஒரு தகரப் பெட்டியில் வைத்திருப்பேன். வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்தேன். என் வீட்டுக்காரர், “பிள்ளைகளுக்கு ஒரு வாய் காப்பி போட்டுட்டுத் தேடேன், பெட்டி எங்கயும் ஓடிப் போகாது” என்றார். காப்பி போடவில்லை. தாள் கிடைத்தது. முன்பக்கம் நடப்பு வருடத்துத் தேதி ஒன்று, கோணலாக வெட்டுப்பட்டது. நடப்பு வருடத் தாள் போன வருடக் கடைசியில்தான் கழிவாக என் கைக்கு வரும். ஆக, மார்கழி என்று நான் நினைத்தது சரி. அப்படியென்றால் தை, மாசி, பங்குனி என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தேன். பத்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய், தம்பி இருந்த வார்டுக்குப் போகாமல் நேரே டாக்டர் அறைக்குப் போனேன். தாளைக் கொடுத்தேன். அவர் முதலில் அச்சடித்த பக்கத்தைப் பார்த்து, “இன்னைக்கு நல்ல நேரம் எப்பன்னு சொல்ல வந்தீங்களாம்மா?” என்றார்.

“பின்னாடி பாருங்க டாக்டர். அவன் சொன்னது.”

படித்தார். அவர் சிரிக்கவில்லை. இத்தனை பேரில் சிரிக்காமல் அதைப் படித்த முதல் ஆள் அவர்தான்.

“இது எப்ப எழுதினது?”

சொன்னேன். அவர் கேஸ் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். “நீங்க கொடுத்தது பெரிய உதவி. ஆனா நான் கட்டாயப்படுத்த முடியாது. அவர் வாயால சரின்னு சொல்லணும். பேசிப் பாருங்க” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் வார்டுக்குப் போனபோது அவன் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசாதவள். பேசினால் ஆட்டைப் பற்றிப் பேசுவாள், இல்லை மழையைப் பற்றிப் பேசுவாள். நான் தாளைக் கட்டிலில் வைத்தேன். அவன் எடுத்துப் படித்தான். முகம் மாறியது.

“இதை டாக்டர் அம்மாட்ட காமிச்சியா?”

“காமிச்சேன்.”

“அன்னைக்குக் கேலியாச் சொன்னதை இன்னைக்கு சாட்சியாக் கொண்டாந்து நிறுத்துறியே, நீ அக்காளா போலீஸா? நான் சொன்னப்ப சிரிச்சேல்ல? எழுதிக்கிட்டேல்ல? ஊருக்கே வாசிச்சேல்ல?”

“சிரிச்சேன்லே. தப்புத்தான். இப்பச் சொல்லு, இன்னும் அப்படித்தான் போகுதா?”

அவன் மனைவி உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

“என்ட்ட மூலம்னுதான சொன்னீக?” என்றாள் அவனிடம்.

“உன்ட்ட மூலம்னு சொன்னேன். அக்காட்ட கலர்னு சொன்னேன். என்ன இப்ப? மருந்து ரூம்ல எல்லாப் பயலுகளுக்கும் அப்படித்தான். வேலைக்கு லீவு போட்டா நின்னுரும்.”

“இங்கன வந்து எத்தனை நாளாச்சு, நின்னுச்சா?” என்று கேட்டேன்.

அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது, யோசித்துக் கேட்டதில்லை.

“ஏலே, உங்க சேப்பு மருந்து என்ன நிறம்? கலக்குறதுக்கு முன்னாடி, மூடையில இருக்கையில?”

அவன் என்னைப் பார்த்தான். அந்த மூட்டைகளில் எத்தனையோ பிரித்தவன்.

“வெள்ளை” என்றான்.

“கலந்தப்புறம்?”

“சாம்பல்.”

“பெறகு சேப்பு எங்கன இருந்து வருது?”

“எரிஞ்சாத்தான் சேப்பு.”

“உன் வயித்துக்குள்ள எவன்லே தீ வச்சான்?”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை. தாளைத் திருப்பித் தேதிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “தெரியும்க்கா” என்றான். “கலர் அப்படிப் போகாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் நம்புனேன். நம்புறதுக்குத் தோதா இருந்துச்சு. நீயும் சிரிச்சியா, அப்ப சரிதான் போலன்னு இருந்துட்டேன்.”

அது எனக்குச் சுட்டது. இதை எழுதுகிற இன்றைக்கும் சுடுகிறது. அவன் கேலியாகத்தான் சொன்னான். ஆனால் ஒரு ஆளிடமாவது சொல்லிப் பார்த்திருக்கிறான். நான் சொல்லழகைப் பார்த்தேன். சொன்ன ஆளைப் பார்க்கவில்லை.

இருந்தாலும் அவன் சரி என்று சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். “அங்கன போயி எதையாவது கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாகன்னா?” என்றான். அப்போதுதான் அவன் மனைவி பேசினாள். ஆரஞ்சுத் தோலைத் தாளில் மடித்துக்கொண்டே, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் பேசினாள்.

“நம்ம ஆடு அடுத்த வீட்டுக்காரன் கடலைக்குள்ள நின்னா என்ன செய்வீக? விரட்டிப் பத்திட்டு வருவீக. பத்திட்டு வந்து பேசாம படுத்துக்கிடுவீகளா? பட்டிப் படலு எங்கன பிஞ்சிருக்குன்னு சுத்தி வந்து பாக்க மாட்டீகளா? பாக்கலைன்னா நாளைக்கும் அதே கடலையிலதான நிக்கும்? இம்புட்டு ஊசி போட்டு ஆட்டைப் பத்தியாச்சு. படலைப் பாக்க மாட்டேன்னா, என்னமோ, உங்க இஷ்டம்.”

அவள் எழுந்து தோலைக் குப்பையில் போடப் போனாள். திரும்பி வரும்போது அவன், “டாக்டரம்மாவை வரச் சொல்லு” என்றான்.

பின்னால் நான் டாக்டரிடம் இந்த ஆட்டுக் கதையைச் சொன்னபோது, “நான் அரை மணி நேரம் சொன்னதை அவங்க அரை நிமிசத்துல சொல்லிட்டாங்களே” என்றார்.

சோதனைக்கு முந்தின நாள் குடலைக் கழுவ ஒரு மருந்துத் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். உப்பும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு ருசி, அவனுக்குக் குமட்டியது. டம்ளரை வைத்துக்கொண்டு, “வெல்லமும் பழமும் தின்னு களுவுனதுக்கு, இதை முன்னாடியே குடிச்சிருக்கலாம் போல” என்றான். கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடந்து நடந்து ஓய்ந்தான். மறுநாள் காலை உள்ளே கூட்டிப் போனார்கள். தூங்க ஊசி போட்டதால் அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். இத்தனை நாள் பயந்தது இதற்குத்தானா என்று முழித்ததும் அவனுக்கே கோபம்.

கட்டி இருந்தது. பெருங்குடலின் இடது பக்கத்தில், எலுமிச்சை அளவுக்கு. அதிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது, கேன்சர்தான். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தச் சொல்லை மறைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, குடல் சுவரைத் தாண்டி வெளியே பரவின மாதிரி ஸ்கேனில் தெரியவில்லை, வெட்டி எடுத்து முனைகளைச் சேர்த்துத் தைத்துவிடலாம், வால்வுக்கான மருந்து முடியட்டும் என்றார்.

தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான். “அந்தக் கிருமிதான் டாக்டர் கட்டியைக் கொண்டாந்துச்சா?”

என்னுடைய கேள்வியும் அதுதான். பாலை உறைய வைக்கிறது என்று நான் படித்த அதே வர்க்கம், இப்படிக் கட்டியையும் உறைய வைக்குமா?

“அது இன்னும் தெளிவாத் தெரியல” என்றார். “கிருமி இருந்து இருந்து குடல் சுவரை உறுத்தி, கட்டி வளர வழி பண்ணுதான்னு ஒரு பக்கம் ஆராய்ச்சி பண்றாங்க. கட்டி வந்த இடத்துல ரத்தக் கசிவும் ஓட்டையும் இருக்கறதால இந்தக் கிருமி அங்க வசதியாக் குடியேறுதான்னு இன்னொரு பக்கம் ஆராய்ச்சி. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையா இருக்கலாம். குடலுக்குள்ள இருக்கிற கிருமி எல்லாமே கெட்டது இல்ல, நிறைய நமக்கு வேலை செய்யுது. எது எப்ப மாறுதுன்னுதான் தேடிக்கிட்டிருக்காங்க. உங்க விசயத்துல கிருமி வந்து கதவைத் தட்டிச் சொல்லிருச்சு, அது வரைக்கும் எனக்குத் தெரியும்.”

தெரியவில்லை என்று ஒரு டாக்டர் வாயால் சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அதனாலேயே அவர் தெரியும் என்று சொன்னதை எல்லாம் நம்பினேன். அதற்குப் பிறகு பல வருடங்களில், கழிவுத் தாளிலும் பத்திரிகையிலும், வேறு சில கிருமிகளையும் குடல் புற்றோடு சேர்த்துப் பேசுவதைப் படித்திருக்கிறேன். எல்லாம் பாதிப் பக்கம்தான். அந்த விசயமே இன்னும் பாதிப் பக்கத்தில்தான் இருக்கிறது போல.

ஆபரேசன் தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்தது. போர்மேன் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். “நீ இல்லாம சேப்பு இந்த வருசம் கொஞ்சம் ரோஸாத்தான்யா எரியுது” என்று அவர் சொன்னதைக் கேட்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தான். வெட்டின குடலோடு எடுத்த நெறிக்கட்டிகளைச் சோதித்ததில் அவற்றில் கேன்சர் இல்லை என்று வந்தது. அந்த முடிவு வந்த காகிதத்தை அவன் மனைவி நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் பல மாதம் அது அவள் இடுப்பிலேயே இருந்தது.

பங்குனியில் அவன் வேலைக்குப் போனான். மருந்து அறைக்கு இல்லை, பேக்கிங் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். போன முதல் வாரமே சிவப்பு ரூமில் இருந்த நாலு பேரையும் வேனில் வைத்துக் கேட்டிருக்கிறான், சிவப்பாகப் போகிறதா என்று. மூன்று பேர் சிரித்தார்களாம். ஒருத்தர் சிரிக்கவில்லை. அவரை இழுத்துக்கொண்டு போய் விருதுநகரில் காட்டினான். அவருக்கு வெறும் மூலம்தான். “இதுக்கா என் ஒரு நாளைக் கெடுத்தே?” என்று அவர் வழியெல்லாம் வைதுகொண்டு வந்தாராம். தம்பி அதை என்னிடம் ரொம்பப் பெருமையாகச் சொன்னான்.

ஒரு வருடம் கழித்து மறுபடி டியூப் விட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால், நான் பைண்டிங்கில் இருக்கும்போது ஆபீஸ் போனுக்கு அவன் அழைப்பு வந்தது. மேனேஜர் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தார்.

“அக்கா, இன்னைக்குக் காலையில சேப்பாப் போச்சு.”

எழுதத் தாள் தேடவில்லை. “எப்ப இருந்து? எம்புட்டு? வலிச்சுச்சா?” என்று அடுக்கினேன்.

“இன்னைக்குத்தான். வலி இல்ல. நேத்து இவ பீட்ரூட்டைப் பொரியல் வச்சா, ரெண்டு தடவை வாங்கித் தின்னேன். அதாத்தான் இருக்கும்னு சொல்றா. பீட்ரூட்டு தின்னா அப்படிப் போகும்னு டாக்டரம்மாவே சொல்லிருக்காகளாம்.”

“நீ என்ன நெனைக்கே?”

“பீட்ரூட்டு பச்சையாவே சேப்புத்தானக்கா, எரிக்க வேண்டியதில்லையே” என்றான். “இருந்தாலும் இப்பவே மதுரைக்குப் போயி சொல்லிட்டு வந்துர்றேன். பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கேன், ஆஸ்பத்திரியில முன்னாடியே வரச் சொல்லுவாகளான்னு கேக்கணும்” என்றான்.

போனான். சோதனைத் தேதியை முன்னால் இழுத்து மறுவாரமே பார்த்தார்கள். தைத்த இடம் சுத்தமாக ஆறியிருந்தது, வேறு எங்கும் எதுவும் இல்லை. பீட்ரூட்தான்.

சோதனை முடிந்த அன்று சாயங்காலம் மதுரை பஸ் ஸ்டாண்டிலிருந்து மறுபடி ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டு அதைச் சொன்னான். மேனேஜர் முறைத்துக்கொண்டு நின்றார். வைக்கும்போது, “எழுதிக்கிட்டியாக்கா?” என்று கேட்டான். “இனிமேத்தான்” என்றேன்.